மூன்று சுழியும் தெரியும் பேனா

தமிழில் கையால் எழுதுகிறவர்கள் என்ன பேனா வாங்கலாம் என்று கேட்டால், நான் யோசிக்காமல் சொல்வது லாமி சஃபாரி மை பேனா. அதிலும் இஎஃப் என்னும் மிக மெல்லிய நிப். என்னுடையது மஞ்சள் நிறம். வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கமாவது அதில் எழுதிவிடுவேன். பேனாவைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே அதைப் பற்றி எழுத முடியாது. மழையும் வெயிலும் பார்க்க வேண்டும், ஒரு முறையாவது மை காய்ந்து அடைக்க வேண்டும். அதன் பிறகுதான் அது எப்படிப்பட்டது என்று தெரியும்.

எனக்கு நாள் முழுக்கத் தட்டச்சு வேலை. இந்தப் பேனா வருவதற்கு முன் கையால் எழுதியது அக்காவுக்குப் போடும் கடிதம் மட்டும்தான். வெகு நாள் பால்பாயிண்ட் பேனாவில்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு முறை, 'இந்த மாதம் பணி அதிகம்' என்று எழுதியிருந்தேன். 'பனி அதிகம் என்றால் காதை மூடிக்கொண்டு வெளியே போ' என்று பதில் வந்தது. அவள் படித்ததில் பிழையில்லை. என் மூன்று சுழி ணகரம் இரண்டு சுழியாகத்தான் விழுந்திருந்தது. அரைப் பக்கம் தாண்டியதும் கட்டைவிரலின் அடி வலிக்கும், வலித்தால் கை அவசரப்படும், அவசரப்பட்டால் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

காரணம் எளிது. பால்பாயிண்ட் பேனாவில் இருப்பது பசை போன்ற கெட்டி மை. நுனியில் இருக்கும் குண்டு உருண்டால்தான் அது தாளுக்கு வரும், அது உருள அழுத்தம் வேண்டும். மை பேனாவில் இருப்பதோ தண்ணீரில் கரைத்த மை. நிப்பின் நடுவே ஓடும் மெல்லிய பிளவு வழியாகத் தானாகவே இறங்கி நுனியில் வந்து நிற்கும். தாளில் பட்டால் போதும், மீதியைத் தாள் இழுத்துக்கொள்ளும். கை செய்ய வேண்டியது பேனாவை நகர்த்துவது மட்டும்தான். நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. அதில் வெட்டியிருக்கும் நுண்ணிய பள்ளங்கள் வழியாக மை கீழே வரும்போது, அதன் இடத்துக்குக் காற்று மேலே போகும். இந்தக் கொடுக்கல் வாங்கல் சரியாக நடக்கவில்லை என்றால் பேனா எழுதாது, இல்லாவிட்டால் கக்கிவிடும். லூயிஸ் வாட்டர்மேன் 1884-ல் காப்புரிமை வாங்கியதும் இந்தக் கட்டையின் வடிவமைப்புக்குத்தான்.

சரி, சஃபாரிக்கு வருவோம். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்து நிறுவனமான லாமி, 1980-ல் இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் வொல்ஃப்கேங் ஃபேபியன். உடம்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக், அதாவது லெகோ கட்டைகளைச் செய்யும் அதே பிளாஸ்டிக். என் பேனா மேசையிலிருந்து எத்தனை முறை உருண்டு விழுந்தது என்று எனக்கே கணக்கில்லை. மூடி போட்டிருந்ததால் ஒரு கீறலோடு தப்பித்திருக்கிறது. மூடியில் இருக்கும் கிளிப், பெரிய காகிதக் கிளிப்பை வளைத்து மாட்டிய மாதிரி இருக்கும். தடிமனான துணிப்பை ஓரத்திலும் கவ்விக்கொள்ளும். உடம்பின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டியிருக்கிறார்கள். உள்ளே எவ்வளவு மை மிச்சம் என்று கழற்றாமலே பார்க்கலாம். ஒரு வாக்கியத்தின் நடுவில் மை தீர்ந்துபோன அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த ஜன்னலின் அருமை தெரியும்.

விரல் பிடிக்கும் இடம் முக்கோணமாகச் சீவியிருக்கும். கட்டைவிரலுக்கு ஒரு பட்டை, ஆள்காட்டி விரலுக்கு ஒரு பட்டை. பிள்ளைகள் பேனாவை ஒரே மாதிரி பிடித்துப் பழகட்டும் என்று செய்தது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது, கையில் எடுத்ததும் நிப் தானாகவே சரியான கோணத்தில் நிற்கிறது. ஆனால் இதை எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். பேனாவைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்து எழுதியே பழகியவர்களுக்கு இந்தப் பட்டைகள் விரலோடு சண்டை போடும். கடையில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் இந்தப் பேனாவை விட்டுவிடுங்கள். பழகிவிடும் என்று நினைத்து வாங்க வேண்டாம்.

இப்போது நிப். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். இஎஃப் மிக மெல்லியது, எஃப் மெல்லியது, எம் நடுத்தரம், பி பட்டை. இடக்கையால் எழுதுபவர்களுக்கென்று எல்எச் தனியாக உண்டு. கடையில் பெரும்பாலும் எம் நிப்பைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். ஆங்கிலம் எழுத அது நன்றாகத்தான் இருக்கும். தமிழில் கதை வேறு. நமக்கு எழுத்தெல்லாம் சுழி. ணகரத்தில் மூன்று, னகரத்தில் இரண்டு, ணை என்றால் முன்னால் இன்னும் இரண்டு. ஒரு கோட்டுக்குள் இத்தனையும் அடங்க வேண்டும். நிப் பட்டையாக இருந்தால் சுழிக்கு நடுவில் இருக்க வேண்டிய வெள்ளைப் புள்ளி மையில் மூழ்கிவிடும். அந்தப் புள்ளி தெரிந்தால்தான் ணகரம் ணகரமாக இருக்கும்.

நான் வாங்கிய கடையில் நிப்பை மையில் தோய்த்து எழுதிப் பார்க்க விட்டார்கள். எல்லாரையும் போல முதலில் கையெழுத்துப் போட்டேன், அதில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் 'இணைப்பு', 'கண்ணாடி', 'ஞாயிற்றுக்கிழமை' என்று எழுதினேன். எம் நிப்பில் 'ணை' ஒரு கறுப்பு மணிமாலையாக வந்தது. எஃப் பரவாயில்லை. இஎஃப்பில்தான் எல்லாச் சுழியும் திறந்து நின்றன. எழுத்து பெரிதாக விழுகிறவர்கள் எஃப் வாங்கலாம். ஜப்பானியப் பேனாக்களில் எஃப் என்று போட்டிருப்பது பொதுவாக ஐரோப்பிய எஃப்பைவிட மெல்லியதாக இருக்கும், அதனால் எஃப் என்ற எழுத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழ் எழுத்தில் கை கீழே இறங்குவதோடு நிற்பதில்லை. மேலே ஏறும், இடப்பக்கம் திரும்பும், மறுபடி வளையும். 'கி'யின் மேல்விலங்கை மெதுவாகப் போட்டுப் பாருங்கள், நிப் தாளைத் தள்ளிக்கொண்டு போகும். சரியில்லாத நிப் என்றால் அந்த இடத்தில்தான் கீறும். 'ழ'வின் வாலிலும் அப்படித்தான். கடையில் நேர்கோடு போட்டுப் பார்த்தால் இது தெரியாது. ஒரு 'கிழி' எழுதினால் தெரிந்துவிடும்.

சஃபாரியில் நிப்பைக் கழற்றி மாற்றலாம். நிப்பின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி நேராக முன்னால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். தவறான அளவை வாங்கிவிட்டால் நிப்பை மட்டும் வாங்கினால் போதும்.

பேனாவோடு நீல மை அடைத்த குட்டிக் குழாய், அதாவது கார்ட்ரிட்ஜ், ஒன்று வரும். புதுப் பேனாவின் நடுவில் ஓர் அட்டை வளையம் இருக்கும். அதை எடுத்துவிட்டு உடம்பைத் திருகினால்தான் கார்ட்ரிட்ஜ் துளைபட்டு மை இறங்கும். இது தெரியாமல் பேனாவை உதறிக்கொண்டிருக்காதீர்கள். புட்டியிலிருந்து மை நிரப்ப கன்வெர்ட்டர் என்னும் மை உறிஞ்சும் குழாயைத் தனியாக வாங்க வேண்டும், அதுவும் லாமி கன்வெர்ட்டர்தான் பொருந்தும். அதில் கார்ட்ரிட்ஜைவிடக் குறைவாகத்தான் மை பிடிக்கும். இருந்தாலும் நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஞாயிறு காலையில் நிப்பை மைக்குள் முழுக்க அமிழ்த்தி, பின்னால் இருக்கும் திருகைத் திருப்பி மை ஏறுவதைப் பார்ப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும். துணியில் நிப்பைத் துடைக்கும்போது பதியும் அந்த நீலக் கீற்றும் பிடிக்கும்.

மை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நீல மை தண்ணீரில் கரைந்துவிடும். அதில் உறை மேல் முகவரி எழுதி, தூறலில் நடந்து போய்ப் பெட்டியில் போட்டேன். கையை விட்டு நழுவும் நொடியில்தான் பார்த்தேன், கடைசி வரி ஒரு நீலக் குட்டையாகியிருந்தது. அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை. இப்போது முகவரிக்கு மட்டும் நிறமி மை வைத்த வேறொரு பேனா வைத்திருக்கிறேன். நிறமி மை காய்ந்தால் தண்ணீரில் கரையாது, அதனாலேயே பேனாவுக்குள் காய்ந்தாலும் எளிதில் போகாது. தினமும் எழுதுகிறவர்கள் மட்டும் அதை நிரப்புங்கள். ஓவியம் வரையும் இந்தியன் இங்க் என்னும் மையை மட்டும் எந்த மை பேனாவிலும் ஊற்றாதீர்கள்.

உடல்நிலை சரியில்லாமல் இரண்டு மாதம் பேனாவைத் தொடவில்லை. எடுத்தபோது அடைத்திருந்தது. அழுத்தி எழுதிப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம், நிப் விரிந்துவிடும். மூடியையும் உடம்பையும் கழற்றி, நிப் இருக்கும் பகுதியை மட்டும் ஒரு டம்ளர் சாதாரணத் தண்ணீரில் போட்டேன். சுடுதண்ணீர் கூடாது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் நிப்பின் பிளவிலிருந்து ஒரு நீல நூல் புறப்பட்டு, வளைந்து வளைந்து அடியில் போய்ப் படிந்தது. பின்னாலேயே இன்னொன்று. வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை தண்ணீரை மாற்றி ஒரு முறை அலசினேன், துடைத்து மை நிரப்பினேன், முதல் எழுத்திலேயே எழுதிவிட்டது.

பேனா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மட்டமான தாளில் மை இழை இழையாகப் பரவும். பேனாவைத் திட்டுவதற்கு முன் தாளை மாற்றிப் பாருங்கள். விமானத்தில் போகிறீர்கள் என்றால் மையை முழுக்க நிரப்பி, நிப் மேலே இருக்கும்படி வையுங்கள். உள்ளே காற்று இருந்தால் அது உயரத்தில் விரிந்து மையை வெளியே தள்ளும்.

யாராவது எழுதிப் பார்க்கக் கேட்டால் கொடுப்பேன். மூடியை மட்டும் என் கையில் வைத்துக்கொண்டு, 'அழுத்தாம எழுதுங்க' என்று சொல்லிவிடுவேன். முதல் வரியில் எல்லாரும் அழுத்துவார்கள். இரண்டாவது வரியில் தோள் தளர்வது தெரியும்.

இந்தப் பேனாவில் எழுதிய முதல் கடிதத்துக்கு அக்கா, 'இப்பத்தான் உன் மூணு சுழி எனக்கு மூணாத் தெரியுது' என்று எழுதியிருந்தாள். போன பிறந்தநாளுக்கு அவளுக்கும் ஒரு சஃபாரி அனுப்பினேன், எஃப் நிப்பில். அவள் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பே எழுதப் பழகியவள். 'லை'யை இன்றும் துதிக்கை தூக்கிய பழைய வடிவில்தான் எழுதுவாள். போன வாரம் அவள் கடிதம் வந்தது. முதல் வரியில் 'வேலை' என்ற சொல். அந்தத் துதிக்கையைக் கை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டிருக்கிறாள். வளைவில் வெளிர் நீலம், பேனா நின்ற இடத்தில் மட்டும் மை தேங்கிக் கருநீலம்.