காப்பர்-ஜிங்க் ஷிஃப்ட் வினையூக்கி: வேலை சுத்தம், லேபிள்தான் பொய்

ஒரு கிலோ டப்பா வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. நான்கு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். குறைத்த ஒன்று உள்ளே இருக்கும் பெல்லட்டுக்காக (வினையூக்கி வில்லைகள்) இல்லை, டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் வாசகத்துக்காக.

முதலில் நல்லது. கார்பன் மோனாக்சைடும் நீராவியும் உள்ளே போய் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் வேலை; இதைத்தான் ஷிஃப்ட் வினை என்பார்கள். 220 டிகிரியில், நீராவியைத் தாராளமாக விட்டால், வெளியே வரும் கார்பன் மோனாக்சைடு அரை சதவீதம்கூட இல்லை. இந்த வினை மோலுக்கு 41 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடுவது, அதனால் சூடு குறையக் குறைய சமநிலை நமக்குச் சாதகம். அந்தச் சூட்டிலும் காப்பர் சுறுசுறுப்பாக இருக்கிறது, இதே வினைக்கான இன்னொரு வினையூக்கியான இரும்பு-குரோமியம் அங்கே தூங்கிவிடும்.

டப்பா அடியில் ஒரு கைப்பிடித் தூள் கிடந்தது. சலித்துவிட்டுக் குழாயில் போடுங்கள், இல்லாவிட்டால் அழுத்தம் ஏறும்.

கூட வந்த தாளில் "பயன்படுத்தும் முன் ஹைட்ரஜனில் ஒடுக்கவும்" என்று ஒரே வரி. ஒடுக்குவது என்றால் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை எடுத்து உலோகமாக்குவது. பெல்லட் ஆக்சைடாகத்தான், கறுப்பாக வருகிறது. காப்பர் ஆக்சைடு ஒடுங்கும்போது மோலுக்கு 80 கிலோஜூல் அளவுக்குச் சூடு கிளம்பும் என்பதை யாராவது அந்த வரியோடு சேர்த்து எழுதியிருக்கலாம். நான் அவசரப்பட்டு 5 சதவீத ஹைட்ரஜனை விட்டேன், கண்ணெதிரே தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் உணரி) 300 டிகிரியைத் தாண்டியது, காப்பர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் அந்த முறை போட்டதில் பாதித் திறன் காலி. அடுத்த முறை நைட்ரஜனில் 1 சதவீதம்தான். பனிக்கட்டியில் வைத்த குடுவையில் தண்ணீர் சொட்டுவது நிற்கும்வரை காத்திருந்தேன், ஒரு நாள் முழுக்கப் போனது, ஆனால் பழுதில்லை. அப்புறம் இன்னொன்று: ஒடுக்கிய பெல்லட்டை அப்படியே காற்றில் கொட்டிவிடாதீர்கள், தானாகவே கனன்று பற்றிக்கொள்ளும்.

இப்போது அந்த வாசகம்: "கார்பன் பிடிப்புக்கு ஏற்றது." எதைப் பிடிக்கிறது? கார்பன் டை ஆக்சைடு ஹைட்ரஜனோடு கைகோத்து வெளியே போகிறது, அதை அமைன் கரைசலிலோ வேறு வழியிலோ நாம்தான் தனியாகப் பிரிக்க வேண்டும். சரி, கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும் உறிஞ்சியையும் அதே குழாயில் கலந்து வைக்கலாமே என்றால், பொட்டாசியம் ஏற்றிய ஹைட்ரோடால்சைட் என்ற உறிஞ்சி நன்றாக வேலை செய்வது 400 டிகிரி வாக்கில், சுண்ணாம்புக்கு அதற்கும் மேலே போக வேண்டும். அங்கே இந்தக் காப்பர் தாங்காது. அந்த வேலைக்கு இரும்பு-குரோமியமே பொருத்தம்: 400-இல் சமநிலை கொஞ்சம் பின்வாங்கினாலும், உருவாகும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி உடனுக்குடன் எடுத்துவிடுவதால் வினை மறுபடி முன்னே நகரும். (புது இரும்பு-குரோமியத்தில் நச்சான ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கலாம், கையுறையும் முகமூடியும் கட்டாயம்.)

கந்தகம் உள்ள வாயு என்றால் இதை வாங்கவே வேண்டாம், சிறிதளவு போதும், செத்துவிடும். கோபால்ட்-மாலிப்டினம் வினையூக்கி வாங்குங்கள், கந்தகம் இல்லாவிட்டால்தான் அது முரண்டு பிடிக்கும்.