காகிதக் கோப்பா, பிடிஎப்பா, இணையக் கோப்புறையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இசைக்குழுக்களுக்குப் பஞ்சமில்லை. உறுமி மேளக்காரர்கள், கல்யாண மேடைக் குழுக்கள், சொந்தப் பாட்டைப் பதிவு செய்யும் இளைஞர்கள் எனப் பலர் இருக்கிறார்கள். வாய்ப்பு கேட்டுப் போகும்போது குழுவின் குறிப்பும் படமும் பாட்டும் அடங்கிய அறிமுகக் கோப்பை எந்த வடிவில் கொண்டுபோவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

அச்சடித்த வண்ணக் கோப்புக்குக் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் தனி மதிப்பு உண்டு. தலைவர் பார்த்துவிட்டுச் செயலாளரிடம் கொடுப்பார், அவர் பொருளாளரிடம் கொடுப்பார். ஆனால் பாடகர் ஒருவர் வேலைக்காகச் சிங்கப்பூர் போய்விட்டால் அச்சுக்கூலி அத்தனையும் வீண். நாளேட்டுக்கும் வானொலிக்கும் இதை அனுப்புவது தபால் செலவுக்குக் கேடு.

புலனத்தில் (வாட்ஸ்அப்) பிடிஎப் அனுப்புவது எளிது, செலவும் இல்லை. பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், சிக்கலும் இங்கேதான். மலேசிய நண்பன், மக்கள் ஓசை போன்ற நாளேடுகளுக்குச் செய்தி போகிறது என்று வையுங்கள். துணையாசிரியர் உங்கள் குறிப்பை நகலெடுத்து ஒட்டுவார். தமிழ் பிடிஎப்பில் பல நேரம் கொம்பும் காலும் இடம் மாறி, ‘தொட்டம்’, ‘கெயில்’ என்று வந்து விழும். போஸ்டர் படமாக அனுப்பியிருந்தால் முழுவதையும் தட்டச்சு செய்ய வேண்டும். அந்த நேரத்தில் அவர் அடுத்த குழுவின் செய்தியைப் போட்டுவிடுவார். ஆகவே குறிப்பை யூனிகோட் எழுத்தில் தனியாக மின்னஞ்சலில் அனுப்புங்கள். ‘இசையே எங்கள் மூச்சு’ என்ற வரியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எந்தத் தோட்டத்துப் பிள்ளைகள், எந்தத் திருவிழாவில் வாசித்தீர்கள் என்பதுதான் செய்தி.

படத்துக்கும் இதே கதைதான். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். ஆறு அங்குல அகலப் படத்துக்கு 1,800. புலனத்தில் வழக்கம்போல அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்தால் அப்படியே போகும்.

கூகுள் டிரைவ் போன்ற இணையக் கோப்புறைக்கே என் ஓட்டு. மின்னல் எப்.எம்., ராகா போன்ற வானொலி நிலையங்களுக்குத் தரமான ஒலிக்கோப்பு அனுப்ப வேண்டும். சுருக்காத வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. நான்கு நிமிடப் பாட்டு 40 எம்பி. ஜிமெயிலில் இணைக்கும் கோப்புக்கு வரம்போ 25 எம்பிதான். கோப்புறையில் போட்டு இணைப்பை அனுப்பினால் தொல்லை தீர்ந்தது. அனுமதி கேட்காமல் யாரும் திறக்கும்படி அமைத்திருக்கிறீர்களா என்று இன்னொருவரின் கைப்பேசியில் திறந்து பாருங்கள். சில நாட்களில் காலாவதியாகும் இலவசப் பரிமாற்ற இணைப்பை நம்ப வேண்டாம். பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களும் கோப்புறையில் இருக்கட்டும்.

கோயில்களுக்கென்று நாலைந்து அச்சுப்படிகள் போதும். எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் ஒலி அமைப்பாளருக்கென ஒரு தனித்தாள் கட்டாயம். யார் எங்கே நிற்கிறார், எத்தனை மைக் வேண்டும் என்று அதில் எழுதுங்கள். உறுமிக்கு இரண்டு முகம். ஒன்றைத் தேய்க்கிறார்கள், மற்றதை அடிக்கிறார்கள். ஒற்றை மைக் வைத்தால் தேய்க்கும் பக்கத்து உறுமல் கூட்டத்துக்குக் கேட்காது.