சமூகப்பணிப் பட்டம்: இங்கேயா, அமெரிக்கக் கிறிஸ்தவக் கல்லூரியிலா?

உயர்தரம் முடித்த கொழும்புப் பிள்ளைகளுக்குச் சமூகப்பணி என்றதும் முதலில் வரும் பெயர் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். 1952இல் வேர்விட்ட இடம். இன்று நான்கு வருடப் பட்டமும் தருகிறது.

மற்ற வழி, அமெரிக்காவின் சிறிய கிறிஸ்தவ லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. அங்கே சமூகப்பணியோடு வேதாகமம், தத்துவம், இலக்கியம் எல்லாம் படிக்க வேண்டியிருக்கும். அதை வீண் என்று நினைக்காதீர்கள். கணவனிடம் அடி வாங்கிய பெண் ஒருத்தி, "நான் வீட்டுக்கே திரும்பிப் போறேன்" என்றால் என்ன செய்வீர்கள்? முடிவு அவளுடையது என்கிறது தொழில் ஒழுக்கநெறி. நம் நம்பிக்கையைத் திணிக்காமல் அவளோடு நிற்கப் பழக, இந்தப் பாடங்கள் உண்மையாகவே உதவும். அங்கீகாரம் பெற்ற இளநிலைப் பட்டமென்றால் குறைந்தது 400 மணிநேரக் களப்பயிற்சியும் உண்டு. அங்கீகாரம் இருக்கிறதா என்று சேருமுன் கட்டாயம் பாருங்கள்.

சரி, ஆனால் அங்கே பழகுவது அவர்களுடைய சட்டமும் நலத்திட்டங்களும். கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பத்துக்கு உதவ, கிராம சேவகர், பிரதேச செயலகம், நன்னடத்தை அலுவலகம் என்று ஏறி இறங்கத் தெரிய வேண்டும், சிங்களமும் வேண்டும். அதனால் முதல் பட்டத்தை இங்கே படியுங்கள் என்பேன். அப்புறம் முதுநிலைப் படிப்புக்கு அங்கே போகலாம், புலமைப்பரிசில் கிடைத்தால்.