மதுரையில் ஆர்.சி. விமானம் வாங்கப் போகிறீர்களா? எங்கள் 13,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

அக்கா மகன் ஒன்பதாவது முடித்த லீவில், ரிமோட்டில் பறக்கும் விமானம்தான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றான். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் கையில் கிடைத்ததைச் சேர்த்து 4,000 ரூபாய் வைத்திருந்தான். மீதியைத் தாய்மாமன் நான் போட்டேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை, உள்பெட்டியில் வந்து கேட்கவும் வேண்டாம்.

"இதுதான் முதல் தடவை, எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிட்டேன். கடைக்காரர் எடுத்து வைத்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சண்டை விமானம் போன்ற ஃபோம் மாடல். இறக்கை உடம்புக்கு அடியில். பையன் கண்ணை எடுக்கவில்லை. "பிகினர் செட்டு சார், எல்லாம் உள்ளயே இருக்கு" என்றார். பெட்டி மேல் 2200 எம்.ஏ.எச். (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி என்று அச்சடித்திருந்தது, அவர் தந்தது 1000. ஏன் என்று கேட்டேன். "வெயிட்டு கம்மி சார், இன்னும் நல்லா ஏறும்." நம்பிவிட்டேன்.

அவனியாபுரம் பக்கம் காலி இடம் நிறைய இருக்கிறது, அங்கே விடுங்கள் என்றும் சொன்னார். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே அனுமதி இல்லாமல் பறக்கவிடச் சொல்கிறார்! நல்லவேளை, நாங்கள் போனது ஒத்தக்கடை தாண்டி வற்றிக் கிடந்த ஒரு கண்மாய்க்கு. எங்கே விடலாம், எங்கே கூடாது என்பதை அரசின் ட்ரோன் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

கையால் எறிந்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது, ஒரு நொடி நின்றது, ஒருக்களித்து விழுந்தது. மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவை ப்ரொப்பல்லரோடு மூக்கும் உடைந்தது. திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து, "எனக்குத்தான் ஓட்டத் தெரியல மாமா, வித்துருவோம்" என்றான். கடைக்காரரும் அதையேதான் சொன்னார்: "புதுசா ஓட்டுறவங்க கீழ போடுறது சகஜம். கிராஷுக்கு வாரண்டி கிடையாது. கை பழகணும் தம்பி."

அடுத்த ஞாயிறு அதே கண்மாயில் பல வருஷமாகப் பறக்கவிடும் ஒரு அண்ணனைப் பார்த்தோம். மூக்கை ஒட்டிக் கொண்டுபோயிருந்தோம். பேட்டரியை உள்ளே வைத்து, இறக்கைக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கினார். வால் பொத்தென்று இறங்கியது. இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு, கொஞ்சம் கூடினால் 30 சதவீதம், அந்த இடத்தில் விமானம் சமமாக நிற்க வேண்டும். மூக்கில் இருக்கும் பேட்டரியின் கனத்தை நம்பித்தான் அந்த மாடலையே செய்திருக்கிறார்கள். பாதி கனமுள்ள பேட்டரியைப் போட்டால் வால் இழுக்கும், மூக்கு தூக்கும், வேகம் செத்து விழும். "உன் மேல தப்பே இல்லடா தம்பி, இத நானே ஓட்டிருந்தாலும் விழுந்திருக்கும்" என்றார். பையன் முகத்தைப் பார்த்தபோதுதான், ஒரு வாரமாக அவன் எதைச் சுமந்துகொண்டிருந்தான் என்று எனக்குப் புரிந்தது.

பணம் போனதைக்கூட மன்னித்துவிடுவேன். பேட்டரியை மன்னிக்க மாட்டேன். மூன்று செல் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) அது. முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் காட்ட வேண்டும். இரண்டு சரியாக இருந்தன, மூன்றாவது 3.6. தடவினால் உப்பல் கையில் தட்டியது. யாரோ பயன்படுத்திக் கழித்ததைப் புதிது என்று தள்ளியிருக்கிறார்கள் என்றார் அந்த அண்ணன். சார்ஜரிலோ ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்துச் சமமாக ஏற்றும் பேலன்ஸ் வசதியே இல்லை. மொத்தம் 12.6 வோல்ட் வருகிறதா என்று மட்டும் பார்க்கும். ஒரு செல் ஏறாவிட்டால் மற்ற இரண்டையும் 4.2-க்கு மேல் திணிக்கும். லைப்போ அப்படித்தான் தீப்பிடிக்கும். அந்த சார்ஜரை அவன் படிக்கிற மேஜையில் செருகிவிட்டு நாங்கள் தூங்கியிருக்கிறோம்.

ரிமோட்டும் மோட் 1. ஆக்ஸிலரேட்டர் குச்சி வலது பக்கம். அந்தக் கண்மாய்க்கு வருகிறவர்கள் எல்லாரும் மோட் 2, இடது பக்கம். விழப்போகும்போது ரிமோட்டை வாங்கிக் காப்பாற்றக்கூட ஆள் இல்லை.

மூன்று முறை கடைக்குப் போனேன். ரொக்கமாகக் கொடுத்திருந்தேன், கையில் இருந்தது "டாய் 1" என்று எழுதிய துண்டுச் சீட்டு. நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசினால் முதலில் பில்லைத்தான் கேட்டார்கள். ஜி.எஸ்.டி. பில், அதில் மாடல் பெயர், பேட்டரி அளவு, இவை இல்லாமல் பணத்தை நீட்டாதீர்கள்.

முதல் விமானத்துக்கு இறக்கை மேலே இருக்கட்டும், நுனிகள் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கட்டும். கையை விட்டாலும் தானே நிமிரப் பார்க்கும். ரிமோட்டைத் தனியாக, 2.4 கிகாஹெர்ட்ஸ், 6 சேனல், மோட் 2 என்று வாங்குங்கள், அடுத்த விமானத்துக்கும் அதுவே போதும். பேலன்ஸ் சார்ஜரில் காசைப் பார்க்க வேண்டாம். பையன் இப்போது கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் ஓட்டுகிறான், தினம் அரை மணி நேரம்.

காலாண்டு லீவு வருகிறது. போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். அலமாரியில் அதே பெட்டி இன்னும் இரண்டு இருக்கிறது.