வெப்பக் கமரா: பிரேக்கர் பெட்டியிலும் கூரைச் சோலாரிலும் நீண்ட காலப் பாவனை

160×120 பிக்சல் வெப்பக் கமராவை யாழ்ப்பாணத்துக் கடைகளிலும் ஐஸ் தொழிற்சாலைகளிலும் வீட்டுக் கூரைகளிலும் பாவித்ததில் தெளிவானது: திரையில் விழும் வெப்பப் பாகையைத் தனியே நம்ப முடியாது. பக்கத்துப் பேஸோடு (மும்முனை மின்சாரத்தின் அடுத்த கம்பியோடு) ஒப்பிடத்தான் இது நல்ல கருவி. ஒரே லோட்டில் ஓடும் மூன்று பேஸில் ஒன்று 15 பாகைக்கு மேல் கூடச் சுட்டால், அந்த இணைப்பை உடனே கழற்றிப் பார்க்க வேண்டும்.

50 பாகைக் கோண லென்சில், ஒரு மீற்றர் தூரத்தில் ஒரு பிக்சலுக்குள் ஏறத்தாழ 5.5 மில்லிமீற்றர் அடங்கும். சரியாக அளக்க 3×3 பிக்சலாவது வேண்டும், அதாவது ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேல். பிரேக்கர் திருகாணி அவ்வளவு பெரிதில்லை. அதன் சூடு சுற்றியுள்ள பிளாஸ்ரிக்கோடு கலந்து குறைத்துத்தான் காட்டும். 40 சென்ரிமீற்றருக்குள் போக வேண்டும். மூடி கழற்றிய, கரண்ட் உள்ள பெட்டி அது. உரிய கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தயவுசெய்து கிட்டப் போகாதீர்கள்.

பளபளக்கும் செம்பு பஸ்பார் (பெட்டிக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பட்டை) இன்னொரு பொறி. நீங்கள் அசைய அந்தச் சூடான புள்ளியும் அசைந்தால், தெரிவது கண்ணாடிபோல் அதில் பட்டுத் திரும்பும் உங்கள் முகச் சூடு. மெயினை நிறுத்தி, இணைப்பை ஒட்டிக் கறுப்பு இன்சுலேஷன் ரேப் துண்டொன்றை ஒட்டுங்கள். கமராவில் எமிசிவிற்றியை (ஒரு பரப்பு எவ்வளவு நன்றாக வெப்பத்தை வெளிவிடும் என்ற அளவை) 0.95 இல் வைத்து, லோட் கொடுத்து, சூடு நிலைத்த பிறகு ரேப்பின் மேல் அளவெடுங்கள். லோட் பாதியானால் இணைப்பில் பிறக்கும் வெப்பம் காற்பங்காகும். ஏசி ஓடாத காலை நேரத்தில் எடுத்த படத்தில் தளர்ந்த திருகாணியும் நல்லதாகவே தெரியும். 40 வீத லோட்டுக்குக் குறைவென்றால் படம் எடுத்துப் பயனில்லை.

சோலாருக்கு நல்ல வெய்யில் வேண்டும், சதுர மீற்றருக்கு 600 வாற்றாவது. சோளகம் (தென்மேல் காற்று) பலமாக அடிக்கும் நாட்களில் தகடு குளிர்ந்து பழுது மறைந்துவிடும். தகட்டின் மூன்றிலொரு பங்கு ஒரே சீராகச் சுட்டால் பைபாஸ் டயோட்டை (பழுதான பகுதியைச் சுற்றி மின்சாரத்தை விடும் பாகத்தை) பாருங்கள். ஒரு செல் மட்டும் சுட்டால் முதலில் காக்கை எச்சத்தைக் கழுவிவிட்டுத் திரும்ப எடுங்கள். வெடிப்பென்றால் சூடு அப்படியே நிற்கும். முழுத் தகடும் அயல் தகடுகளைவிடச் சற்றுச் சூடென்றால் அது மின்சாரம் தரவில்லை. பெரும்பாலும் கனெக்டர் விட்டிருக்கும். கரையோர வீடுகளில் உப்புக்காற்று முதலில் தின்பதும் கனெக்டரைத்தான்.

கமராவை ஏசி வாகனத்தால் இறக்கியவுடன் அளக்காமல் கால் மணிநேரம் விடுங்கள். லென்சில் படியும் உப்பைச் சட்டை நுனியால் துடைத்தால் பூச்சு கீறுப்படும். ஊதிவிட்டு, லென்ஸ் துணியால் மெல்ல ஒற்றுங்கள். சோலார்தான் கூடுதலான வேலையென்றால் இந்த 160×120 போதாது, 320×240 வாங்குங்கள்.