தாருக்கு எந்தப் பின் பம்பர்? வேலூர்ப் பக்கத்து ஒப்பீடு

மஹிந்திரா தார் ஜீப் வாங்குகிறவர்கள் முதலில் கை வைப்பது முன்பக்கத்தில்தான். வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் மெஷின்), லைட் பார், கிரில் என்று பட்டியல் போட்டுச் செலவழித்துவிட்டுப் பின்பக்கத்தைக் கம்பெனி கொடுத்தபடியே விட்டுவிடுவார்கள். ஜவ்வாது மலைப் பக்கம் ஏதாவது ஓடையில் இறங்கி ஏறும்போது பின்னால் பிளாஸ்டிக் உரசிக் கிழிகிற சத்தம் கேட்கும். அன்றைக்குத்தான் பின் பம்பர் ஞாபகம் வரும்.

அப்போது கண் முன்னால் நிற்பவை நான்கு வழிகள். கம்பெனி பம்பரையே வைத்துக்கொண்டு சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) ஒரு இழுவைக் கொக்கி மட்டும் மாட்டிக்கொள்வது ஒன்று. உள்ளூர்ப் பட்டறையில் பைப் வளைத்துச் செய்யும் பம்பர் இரண்டாவது. மூன்றாவது, இரும்பு பிளேட்டை மடித்து வெல்டிங் செய்த பம்பர். நான்காவது, அதே பிளேட் பம்பரில் ஸ்டெப்னியைத் தாங்கிக் கதவு போலத் திறக்கும் கை, அதாவது டயர் தாங்கி வைத்தது. அலுமினியத்திலும் செய்யலாம்; எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அதை ஒழுங்காக வெல்டிங் செய்ய டிக் வெல்டிங் மெஷினும் பழகின கையும் வேண்டும். கல்லில் அடிபட்டு வளைந்தால் பீஞ்சமந்தை மாதிரி மலை ஊரில் சுத்தியலால் தட்டி நிமிர்த்தவும் முடியாது. அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிப் பேருக்கு முதல் வழியே போதும். மலைக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு மூலை வெட்டிய, ஒல்லியான பிளேட் பம்பர். டயர் தாங்கி, பெரிய டயர் போட்டவர்களுக்கு மட்டும்.

நம் பாதைகள் எப்படி அடிக்கின்றன

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தாலும் ரோடு நன்றாக இருக்கிறது. அதற்காகப் பம்பர் மாற்றுவது வெட்டிச் செலவு. பிரச்சினை ஆரம்பிப்பது ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மண் பாதைகளிலும், அணைக்கட்டு தாலுகாவில் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை மாதிரியான மலை ஊர்ப் பக்கத்துக் கிளைப் பாதைகளிலும்தான். ஓடைக் கரை செங்குத்தாக இருக்கும். முன் சக்கரம் மேலேறி வண்டி நிமிரும்போது பின் பம்பரின் மூலை போய்க் கரையில் குத்தும். நடுப்பகுதி அடிபடுவது அபூர்வம். எப்போதும் இடது, வலது மூலைகள்தான். (காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டியை விடாதீர்கள். அதற்கு எந்த பம்பரும் காப்பு இல்லை.)

இன்னொரு இடம் பாலாற்று மணல். வருஷத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ஆறு, மேலே கெட்டியாகத் தெரியும், உள்ளே பொலபொலவென்று இருக்கும். சிக்கின வண்டியை வந்த தடத்திலேயே பின்னால் இழுப்பதுதான் பெரும்பாலும் சுலபம். டயர் அழுத்தி வைத்த பாதை ஏற்கெனவே அங்கே இருக்கிறது, முன்னால் இருப்பதோ புது மணல். ஆகவே நம் பக்கத்தில் முன் கொக்கியைவிடப் பின் கொக்கிக்கு வேலை அதிகம். பம்பர் விளம்பரங்களில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது, எல்லாம் எல்.இ.டி. லைட் பற்றித்தான் இருக்கும்.

கோணமும் எடையும்

மூன்று கதவு தாருக்குக் கம்பெனி சொல்லும் பின்பக்க டிபார்ச்சர் ஆங்கிள் 36.8 டிகிரி. பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து வண்டியின் பின்புறத் தாழ்வான புள்ளிக்குக் கோடு இழுத்தால் வரும் கோணம் அது. தோராயமாக ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். அந்தப் புள்ளி டயருக்கு 75 செ.மீ. பின்னால் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதன் உயரம் சுமார் 56 செ.மீ. அதற்குக் கீழே 10 செ.மீ. தொங்குகிற மாதிரி டிரெய்லர் கொக்கி செருகும் ரிசீவர் குழாய் ஒன்றை வெல்டிங் செய்தால் கோணம் 31, 32 டிகிரிக்கு இறங்கிவிடும். ஐந்து டிகிரி சும்மா போயிற்று. ஓடையில் உரசக் கூடாது என்று மாற்றின பம்பரே முதலில் உரசும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இரும்பின் கனம் அல்ல. பம்பரின் அடி விளிம்பு பழைய பம்பரைவிட மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று கேளுங்கள்.

எடைக்கு வருவோம். 3 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர் சுமார் 23.5 கிலோ, 5 மி.மீ. என்றால் 39 கிலோ. ஒரு முழு அகல பம்பருக்கு ஒரு சதுர மீட்டருக்கு மேல் தகடு பிடிக்கும், அதோடு பிராக்கெட், கொக்கித் தகடு எல்லாம் சேர வேண்டும். 3 மி.மீ.யில் செய்தாலே 40 கிலோவைத் தொடும். ரெண்டு இன்ச் பைப் ஒரு மீட்டர் 5 கிலோ. இரண்டு வரிசை ஓடும் பைப் பம்பர் 20, 25 கிலோவில் முடிந்துவிடும். டயர் தாங்கி சேர்ந்தால் அதற்கே தனியாக 20, 25 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த எடை உட்காரும் இடமும் முக்கியம். தாரின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி, 2450 மி.மீ. பின் அச்சுக்கு 75 செ.மீ. பின்னால் 40 கிலோ தொங்கினால் பின் அச்சில் 52 கிலோ ஏறும், முன் அச்சிலிருந்து 12 கிலோ குறையும். ஏற்றம் பார்க்கும் இடத்தில்தான் முன் சக்கரத்துக்குப் பிடிப்பு வேண்டும். அங்கே அதைப் பிடுங்கிப் பின்னால் போடுகிறோம். முன்னால் வின்ச் இருக்கிற வண்டியில் இது தெரியாது. இல்லாத வண்டியில் ஸ்டியரிங் லேசாவதை நன்றாகவே உணரலாம்.

பைப்பா, பிளேட்டா?

சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ நல்ல பட்டறைக்காரர் கிடைத்தால் பைப் பம்பர் மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும். சேறு தங்காது, கழுவுவது சுலபம். பழைய மாருதி ஜிப்சிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது என்பேன். ஆனால் தாரில் பைப் பம்பருக்கு இரண்டு குறை. பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பாடி மூலையை அது மூடாது. கல் பைப்புக்கு மேலேயோ கீழேயோ புகுந்து தகரத்தைக் குத்திவிடும். இரண்டாவது, இழுவைக் கொக்கியைப் பைப்பின் மேல் ஒட்ட வைத்துவிடுகிறார்கள். குழாயின் மெல்லிய சுவரில் அவ்வளவு பாரமும் ஒரே இடத்தில் விழும்.

பிளேட் பம்பர் எல்லாமே ஒரே ஜாதி என்று நினைக்கக் கூடாது. பெயிண்ட் அடித்த பிறகு எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும், அதனால் அடிப்பதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். கொக்கித் தகடு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். முகப்புத் தகட்டில் ஒரு காடி வெட்டி, 20 மி.மீ. கனமுள்ள கொக்கித் தகட்டை அதற்குள் நுழைத்து, உள்ளேயும் வெளியேயும் வெல்டிங் வைத்து, அதன் வால் சேஸிஸ் பிராக்கெட்டோடு சேர வேண்டும். அப்படிச் செய்தால் இழுக்கிற பாரம் நேரே சேஸிஸுக்குப் போகும். சும்மா முகப்பில் ஒட்ட வைத்துச் சுற்றி ஒரு வெல்டிங் கோடு ஓட்டியிருந்தால் அது அலங்காரம். சிக்கின வண்டியை இழுக்கும் கைனடிக் கயிறு ஏறக்குறைய 30 சதவீதம் வரை நீண்டு, திரும்பச் சுருங்கும் வேகத்தில்தான் வண்டியைப் பிடுங்குகிறது. அந்த நேரத்தில் கொக்கி பிய்ந்தால் அந்த இரும்புத் துண்டு பறந்து கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போகும். ஆளைக் கொல்லக் கூடியது. டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் கயிறு மாட்டக் கூடாது என்பதும் இதனால்தான்.

பிராக்கெட்டுக்கு 6 மி.மீ. தகடு, 8.8 கிரேடு போல்ட், முடிந்தால் ஒவ்வொரு பக்கமும் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் பிடிக்கிற மாதிரி. சேஸிஸிலேயே வெல்டிங் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வண்டியில் வைத்தே ஏதாவது டாக் (சின்னப் புள்ளி வெல்டிங்) அடிப்பதாக இருந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இ.சி.யு. (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) போய்விடலாம். ராணிப்பேட்டையில் பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலையை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள் நிறைய. அந்தப் பக்கம் வேலை பழகின வெல்டர் கிடைத்தால் விடாதீர்கள். பிளேட் வேலையில் அவர்கள் கையே தனி.

கனம் பற்றி ஒரு வார்த்தை. பட்டறையில் வழக்கமாக வரும் பேச்சு இது: "அண்ணா, அஞ்சு எம்.எம். போட்டுடலாம், லாரி வந்து இடிச்சாலும் பம்பருக்கு ஒண்ணும் ஆவாது." ஆகாதுதான். அந்த அடி பின்னே எங்கே போகும்? சேஸிஸுக்கும், உள்ளே உட்கார்ந்திருப்பவர் கழுத்துக்கும். கம்பெனி பம்பர் நசுங்குவது அந்த அதிர்ச்சியில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளத்தான். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் தினமும் ஓடுகிற வண்டிக்கு 5 மி.மீ. பம்பர் தேவையே இல்லை. 3 மி.மீ. தகடு, உள்ளே விலா எலும்பு மாதிரி இரண்டு மூன்று இடத்தில் முட்டு, அது போதும்.

துரு பம்பரை உள்ளிருந்து தின்னும். பெட்டி மாதிரி மூடின பம்பருக்குள் சேறு போய் உட்காரும், ஐப்பசி, கார்த்திகை முழுக்க ஈரம் காயாது. பவுடர் கோட்டிங் வெளியே பளபளக்கும், மடிப்புக்குள் போகாது. கல் பட்டுத் தெறித்த இடத்திலிருந்து துரு அடியிலேயே ஊர்ந்து, ஒரு நாள் தோல் மாதிரி உரிந்து வரும். எனக்கு எபாக்ஸி பிரைமரும் அதன் மேல் சாதாரணக் கறுப்புப் பெயிண்டும்தான் பிடிக்கும். கீறல் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே தொட்டுவிடலாம். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

டயர் தாங்கி

பார்க்க மிடுக்காக இருக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. கம்பெனி அளவு டயர் என்றால் பின் கதவும் கீலும் அதற்கென்றே செய்தவை, தாங்கும். 33 இன்ச் மட் டயர் போட்டால் ரிம்மோடு 40 கிலோ அளவுக்கு வந்துவிடும். குண்டும் குழியுமான பாதையில் குதிக்கும்போது கீல் தளர்ந்து கதவு தொங்க ஆரம்பிக்கும். அப்போது தாங்கி நியாயம். மற்றவர்களுக்கு? காட்பாடி ஸ்டேஷனில் பெட்டி ஏற்ற முதலில் தாங்கியைத் திற, பிறகு கதவைத் திற, பிறகு கண்ணாடியைத் தூக்கு. லாங்கு பஜார் மாதிரி இடத்தில் பின்னால் அவ்வளவு இடம் யார் தருவார்கள்? சரிவில் நிறுத்தினால் தாங்கி தானாக ஆடி வந்து முழங்காலில் அடிக்கும், நிறுத்திப் பிடிக்கும் பூட்டு இல்லாவிட்டால். லாட்ச் கொஞ்சம் தேய்ந்ததும் கடகடவென்று ஒரு சத்தம் வரும். மலை ஏறுகிற வரைக்கும் அது காதிலேயே இருக்கும்.

சட்டம், இன்சூரன்ஸ்

இதைச் சொல்லாமல் பம்பர் பற்றி எழுதுவது சரியல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இந்தப் பிரிவைச் சொல்லித்தான் 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கிராஷ் கார்டு, புல் பார் என்ற இரும்புத் தடுப்புகள் மாட்டிய வண்டிகள் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு சொல்கிறது. பம்பரை மாற்றினால் ஏர்பேக் சென்சார் குழம்புமோ என்ற கேள்வி பெரும்பாலும் முன் பம்பருக்கு உரியது, பின்னால் அந்தப் பயம் குறைவு. ஆனால் 2019 ஜூலை முதல் தயாராகும் கார்களுக்கு ரிவர்ஸ் பார்க்கிங் அலாரம் கட்டாயம். பழைய பம்பரோடு சென்சாரையும் கழற்றிப் போட்டுவிட்டால் அது தனிக் குற்றச்சாட்டு. புதுத் தகட்டில் சென்சாருக்கு ஓட்டை போட்டு, இரும்பில் நேராகப் படாமல் ரப்பர் வளையம் வைத்து, பழைய உயரத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சும்மா கத்திக்கொண்டே இருக்கும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கழற்றின பம்பரைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் பரணில் ஏற்றி வையுங்கள். 15 வருஷம் கழித்து ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போது அது வேண்டியிருக்கும். முதல் வழியை நான் இவ்வளவு தூக்கிப் பேசுவதற்கு இதுவும் காரணம்: பம்பர் அப்படியே இருக்கும், சென்சார் அப்படியே இருக்கும், கொக்கி மட்டும் சேஸிஸில் போல்ட் போட்டு நிற்கும்.

மாருதி ஜிம்னி வைத்திருப்பவர்களுக்கு

உங்கள் கணக்கு வேறு. டிபார்ச்சர் ஆங்கிள் கம்பெனியிலேயே 50 டிகிரி. உரசுவதற்கே வாய்ப்பு குறைவு. அதோடு பின் விளக்குகள் பம்பருக்குள்ளேயே இருக்கின்றன. இரும்பு பம்பர் போட்டால் அந்த விளக்குக்கு இடம் வெட்ட வேண்டும், தண்ணீர் புகாமல் அடைக்க வேண்டும், ஒயரை நீட்ட வேண்டும். பின் கொக்கி மட்டும் மாட்டிக்கொண்டு, மிச்சப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள்.

எதை மாட்டினாலும் முதல் மலைப் பயணம் முடிந்து வந்ததும் போல்ட்டுகளை ஒரு தடவை முறுக்கிப் பாருங்கள். புதுப் பெயிண்ட் பிராக்கெட்டுக்கு நடுவே நசுங்கி, இறுக்கின போல்ட்டும் கால் சுற்று தளர்ந்திருக்கும். முறுக்கின பிறகு நட்டிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த தடவை ஸ்பேனர் எடுக்காமலே குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.