மான்தோவுக்குப் பழைய மாவா, ஈஸ்டா?

வட சீனாவில், குறிப்பாக ஷாண்டோங், ஷான்ஷி, ஹெனான் பகுதிகளில், சோற்றின் இடத்தைப் பிடித்திருப்பது மான்தோ, ஆவியில் அவித்த மைதா உருண்டை. உள்ளே பூரணம் கிடையாது. மைதா, தண்ணீர், புளிப்பு, ஆவி, அவ்வளவுதான். அதனால் மாவைப் பொங்கவைக்கும் முறையிலேயே பாதி ருசி முடிவாகிவிடும்.

ஈஸ்ட் வழி எளிது. அரை கிலோ மைதாவுக்கு 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். சூடு அதிகமானால் ஈஸ்ட் செத்துவிடும். வெயில் நாளில் ஒரு மணி நேரத்தில் மாவு இரண்டு மடங்காகும். பிறகு காற்று முழுக்க வெளியேறும்வரை அழுத்திப் பிசைய வேண்டும். வெட்டினால் கண்ணுக்குத் தெரியும் ஓட்டை இருக்கக் கூடாது. இதில் சோம்பினால் மேல்தோல் கொப்புளித்துக் குழி விழும். அந்த ஒரு மணி நேரத்தில் புளிப்பு ஏறாது என்பதால் அதை முறிக்கச் சோடா வேண்டாம். ஆனால் மணமும் ஏறுவதில்லை.

பழைய மாவு, அதாவது லாவ்மியன், முந்தைய பிசையலில் எடுத்துவைத்த உருண்டை. அதில் 100 கிராமைத் தண்ணீரில் கரைத்து, அரை கிலோ மைதாவோடு பிசைந்து இரவு முழுக்க விடுவார்கள். ஈஸ்டோடு லாக்டிக் அமில பாக்டீரியாவும் அதில் வாழ்கிறது. மணத்தையும் புளிப்பையும் சேர்த்தே தருவது அதுதான். புளிப்பை முறிக்க உணவுத்தர சோடியம் கார்பனேட் என்ற சோடாவைச் சேர்க்க வேண்டும். ஆப்பச்சோடா அல்ல, அதைவிட வீரியமானது. 3 கிராமை ஒரு கரண்டி தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைய வேண்டும். அடுத்த தடவைக்கான உருண்டையைச் சோடா போடுமுன்பே எடுத்துவிட வேண்டும்.

கைப்பக்குவம் முழுக்க இந்தச் சோடாவில்தான். கோடையில் புளிப்பு கூடும், சோடாவும் கூட வேண்டும், குளிரில் குறைக்கலாம். அளவு சரியா என்று பார்க்க மாவை வெட்டுவார்கள். எள்ளளவு துளைகள் சீராக இருந்தால் சரி. துளைகள் பெரிதாக, ஒழுங்கில்லாமல் இருந்தால் சோடா போதவில்லை. புதியவர்களுக்கு நம்பகமான வழி, சுண்டைக்காயளவு உருண்டையை முதலில் அவித்துப் பார்ப்பது. சோடா குறைந்தால் மான்தோ புளித்து அமுங்கிவிடும். கூடினால் மைதாவிலுள்ள ஃபிளேவனாய்டுகள் என்ற நிறமிகள் மஞ்சளாகி, நாற்றமும் வரும். அப்படி ஆனால் அடியில் கொதிக்கும் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் ஊற்றி மீண்டும் ஆவியில் வைத்தால் மஞ்சள் குறையும்.

வெறும் மான்தோவுக்குப் பழைய மாவுதான். அதிலும் ஷாண்டோங்கில் செய்வதுபோல், பொங்கிய மாவில் காய்ந்த மாவைத் தூவித் தூவிப் பிசைந்தால், அவித்தபின் ஏடு ஏடாக உரியும். அந்த மெல்லும் சுகம் ஈஸ்ட் மாவில் அரிது.

பூரணம் வைக்கும் பாவ்ஸி வேறு கணக்கு. இறைச்சிச் சாறும் இஞ்சியும் மாவின் மணத்தை அமுக்கிவிடுவதால் இரவு முழுக்கக் காத்திருந்து பலனில்லை, ஈஸ்ட்டே போதும். முழுக்கப் பொங்கிய மாவு சாற்றை உறிஞ்சிவிடும். 1858-இல் தியான்ஜின் நகரில் தொடங்கிய கோபுலி கடையின் பாவ்ஸி, பாதி பொங்கிய மாவுக்கே பேர் பெற்றது.

இரண்டு வழியிலும், உருட்டியபின் 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். கையில் எடுத்தால் கனம் குறைந்ததுபோல் தெரிய வேண்டும். 100 கிராம் உருண்டைக்கு 15 நிமிட ஆவி. மூங்கில் தட்டு ஈரத்தை உறிஞ்சும். உலோகப் பாத்திரமானால் மூடிக்குத் துணி கட்டுங்கள், சொட்டு விழுந்த இடம் கெட்டியாகிவிடும். அடுப்பை அணைத்து 3 நிமிடம் கழித்தே மூடியைத் திறக்க வேண்டும். உடனே திறந்தால் குளிர்காற்று பட்டுச் சுருங்கிவிடும்.